மூன்றாம் அடியில் ஒரு பெயர்

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் முதல் நலங்கு வைத்தார்கள். மஞ்சளும் சந்தனமும் காய்ந்து முகம் இழுக்கிறது. வந்த பெண்கள் எல்லாரும் கன்னத்தில் தேய்த்துவிட்டு "வயசே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் வயது நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். முப்பத்திரண்டு.

"இனிமே தாலி ஏறுற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது" என்று அத்தை சட்டம் போட்டுவிட்டார். அப்பாவின் அக்கா. கல்யாணம் முடியும்வரை இங்கேதான் இருப்பார்.

"மொட்டை மாடிக்குப் போகலாமா அத்தை?"

"அந்த வாயை இங்கயே விட்டுட்டுப் போ. புகுந்த வீட்டுக்கு அது வேணாம்."

அத்தையிடம் மட்டும் எனக்குத் தோற்கத் தெரியும்.

அப்பா சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசல் நிலைக்குக் குறுக்கே போட்டு, பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். மின்வாரியத்தில் இருந்தபோதுகூட ஒரே இடத்தில் இத்தனை நேரம் உட்கார்ந்தவர் இல்லை. காவலா என்று கேட்டேன். "இங்கதான் காத்து வருது" என்றார். ஜெயங்கொண்டத்தில், ஆகஸ்ட் மாதத்தில், காற்று வருகிறதாம்.

சாயங்காலம் செழியன் போன் செய்தார். மாப்பிள்ளை. பெரம்பலூர்க்காரர், சிமெண்ட் ஆலையில் பொறியாளர், நல்ல மாதிரிதான் தெரிகிறது. சாப்பிட்டீங்களா, நான் சாப்பிட்டேன், மழை இல்லை, இங்கேயும் இல்லை. வைக்கப் போகும்போது திடீரென்று, "எல்லாம் தெரிஞ்சும் சம்மதிச்சீங்க. அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

முன் வழுக்கையைச் சொல்கிறார். பாவம். "அதெல்லாம் ஒரு விஷயமா, விடுங்க" என்றேன். அவர் மறுபடியும் இரண்டு முறை நன்றி சொன்னார். ஒரு வழுக்கைக்கு இவ்வளவு உருகுகிற மனிதரை நான் பார்த்ததில்லை.

வைத்ததும் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "போன்ல ரொம்பப் பேச வேணாம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்க நெறைய நேரம் கிடக்கு" என்றார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எனக்கு வேலை வந்திருக்கிறது. நிம்மதி.

அச்சகம் வைத்திருக்கும் இதாயத்துல்லா பாய் வந்தார். எங்கள் பத்திரிகையை அடித்தவர். கையில் ஒரு புரூஃப் தாள். கல்யாண வரவேற்பில் படித்து, சட்டம் போட்டுக் கொடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி நீட்டுவார்களே, வாழ்த்துப்பா, அது. எழுதியவர் செழியனின் பெரியப்பா, புலவர் கலியமூர்த்தி. பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் அவர் பாட்டு இல்லாமல் மாலை மாறாதாம்.

"மருமகப்பொண்ணு தமிழ் வாத்தியார்தானே, அது பாத்துக் குடுத்தாத்தான் அச்சுன்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க" என்றார் பாய். "சனிக்கிழமைக்குள்ள வேணும்மா."

"அவகிட்டயா குடுக்குற? எதுலயும் தப்பு கண்டுபிடிப்பா பாய்" என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து. இதை அவர் பாராட்டாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வந்த வரன்களை நான் தட்டிக்கழித்த ஒவ்வொரு முறையும் சொன்ன வாசகம்தான்.

மாமியாருக்கு என் தமிழ் மேல் இவ்வளவு மரியாதை இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, நான் கல்லூரி வேலையைப் பற்றிச் சொன்னபோது, "வேலைக்கு என்னம்மா அவசரம், கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். பக்கத்தில் செழியன் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார். உடைந்த பிறகும் உடைத்துக்கொண்டிருந்தார். ஜூலையில் நானே துறைத்தலைவர் மேடத்திடம் சொல்லி வேலையை விட்டுவிட்டேன். கொஞ்ச நாள்தானே.

ஐந்து விருத்தம். ஐந்திலும் நிலா. முதலில் திங்கள், அடுத்ததில் பிறை, அப்புறம் அம்புலி, மதி, கடைசியில் நிலவு. இந்தப் பெரியவர் இரவில் தூங்கவே மாட்டாரா? ஐந்தும் "காலமும் வாழ்க வாழ்க" என்று ஒரே மாதிரி முடிகின்றன. மண்டபத்தில் நான்காவது பாட்டுக்குள் கூட்டமே சேர்ந்து சொல்லும்.

ஆனால் கை சுத்தம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பாட்டு:

*விண்ணிலே ஒளியைச் சிந்தும்*
*விழியினுக் கினிய திங்கள்*
*மண்ணிலே நடந்து வந்து*
*மாமனை புகுந்த தென்ன*
*சுடர்க்கொடி செழியன் கையை*
*விரும்பியே பிடித்த நாளில்*
*கண்ணிலே மணியாய் நின்று*
*காலமும் வாழ்க வாழ்க*

அச்சில் எட்டு வரி. கணக்கில் நான்கு அடி. அடிக்கு ஆறு சீர்.

என் பெயரை ஒருவர் பாட்டில் வைத்திருக்கிறார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தங்கை எழில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மாமனை புகுந்த தென்னன்னா, மாமாவைத் தென்னை மரம் குத்திடுச்சா?" என்றாள். அடிக்க எழுந்தேன். பெரிய வீட்டுக்குள் நிலா நடந்து வந்தது போல என்று அர்த்தம். என்னைத்தான் சொல்கிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்தே பகல் போய்விட்டது. பூரணம் எனக்கு எப்போதும் வெளியே வந்துவிடும். அத்தை அதையும் புகுந்த வீட்டோடு சேர்த்துப் பேசினார். தெருப் பிள்ளையாரைப் பார்க்க எல்லாரும் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிள்ளையாரின் முதுகு தெரிந்தது.

அவர்கள் வருவதற்குள் பாட்டைச் சீர் பிரித்தேன். வகுப்பில் முதல் நாள் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன். அடிகளின் முதல் சொல்லை எடு. இரண்டாவது எழுத்து ஒத்து வந்தால் எதுகை. விண், மண், கண். மூன்றிலும் இரண்டாவது ண். அதுவும் வெறும் ண் இல்லை, விண்ணிலே, மண்ணிலே, கண்ணிலே என்று மணி அடித்தது போல மொத்தமாக ஒத்து வருகிறது. நடுவில் மூன்றாம் அடி: சுடர்க்கொடி.

அது மட்டும் விழவில்லை.

மற்ற நான்கு பாட்டையும் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிசகு கிடையாது. இப்படிப்பட்டவர் மணப்பெண்ணின் பெயர் வருகிற இடத்திலா சறுக்குவார்? பெயரை மாற்ற முடியாதே, என்ன செய்வார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நானாக இருந்தால் பெயருக்கு ஏற்ற எதுகையை மற்ற அடிகளில் அமைத்திருப்பேன். சுடர், இடர், படர், தொடர் என்று சொல்லுக்கா பஞ்சம்? பெயர்தான் முதலில் தெரியும். பாட்டு பிறகுதானே வரும்.

அம்மா வந்து, "இன்னுமா அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு இருக்க? நல்லா இருக்குன்னு குடுத்துட வேண்டியதுதானே" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சதுர்த்தி வேலையில் களைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இரண்டாம் நலங்கு. மஞ்சள் இப்போது கழுவினாலும் போவதில்லை.

பாட்டில் இன்னொன்று. எதுகை போலவே மோனை. அடியின் முதல் சீரும் நான்காம் சீரும் ஒரே இன எழுத்தில் தொடங்க வேண்டும். விண்ணிலே – விழியினுக். மண்ணிலே – மாமனை. கண்ணிலே – காலமும். எல்லாம் சரி. மூன்றாம் அடியில் சுடர்க்கொடி – விரும்பியே. சு எங்கே, வி எங்கே.

ஆக அந்த இடத்தில் இருக்க வேண்டிய சொல் வி, வீ, வெ, வே என்று ஏதாவது ஒன்றில் தொடங்க வேண்டும். இரண்டாவது எழுத்து ண். அளவும் இருக்கிறது. அந்த இடத்தில் பூமகள், தேன்மொழி என்ற அளவில் ஒரு பெயர்தான் உட்காரும். கண்ணம்மா என்று வைத்தால் ஓசை நீண்டுவிடும். சுடர்க்கொடி அளவில் சரியாக இருக்கிறது. அளவு மட்டும் சரியாக இருக்கிறது.

இது ஒரு விளையாட்டு. வாசலைத் தாண்டக் கூடாத பெண் வேறு என்ன செய்வாள்?

கண்ணகி என்று வைத்துப் பார்த்தேன். எதுகை விழுந்தது, மோனை விழவில்லை. எழிலைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். யாருடனோ என்ன, சதீஷுடன்தான். என் கல்யாணம் முடிந்தால் அவர்கள் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். என் மேல் ஒரு நாளும் எரிந்து விழுந்ததில்லை அவள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வெண்ணிலா. அல்லது வெண்மதி. எப்படியும் நிலாதான்.

விண்ணிலே, மண்ணிலே, கண்ணிலே. வெண்ணிலா.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று முழுக்க எனக்கு நானே வக்கீல். புலவர் யாருக்கோ எழுதிய பழைய பாட்டை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். வயதானவர். எல்லாப் புலவர்களும் செய்வதுதான். மாப்பிள்ளையின் பெயரும் மாறியிருக்கும். செழியன் இருக்கிற சீரில் எதுகையும் கிடையாது, மோனையும் கிடையாது. முருகன், குமரன், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆகவே பாட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

சொல்ல முடியாது என்பதால்தான் கேட்டேன். புரூஃப் தாளின் அடியில் புலவரின் எண் இருந்தது. அப்பா வெற்றிலைக்காரரிடம் ஆர்டர் சொல்லப் போயிருந்தார். வாசலில் காலி நாற்காலி மட்டும்.

"ஐயா வணக்கம். நான் சுடர்க்கொடி. ஜெயங்கொண்டம்."

"சொல்லும்மா, சொல்லும்மா. பாட்டு பாத்தியா?"

"பாத்தேங்கய்யா. ஓசை அருமையா இருக்கு. முதல் பாட்டு மூணாவது அடியில மட்டும் எதுகை விழலைங்கய்யா."

"பேருன்னா அப்படித்தாம்மா. பேருக்கு விலக்கு உண்டு."

"மோனையும் விழலைங்கய்யா."

பின்னால் மிக்ஸி ஓடியது.

"வெண்ணிலான்னு வச்சா ரெண்டும் விழுதுங்கய்யா" என்றேன்.

மிக்ஸி நின்றது. அவர் வேறு எங்கோ நடந்து போவது கேட்டது. ஒரு கதவு சாத்தியது.

"யாரும்மா சொன்னது?"

"உங்க பாட்டுதாங்கய்யா."

அவர் இருமினார். "மன்னிச்சுக்கம்மா. கண் ஆபரேஷன் முடிஞ்ச நேரம். செழியனுக்கு இன்னொரு தடவை புதுசா எழுதுன்னா எனக்குக் கை வரல. அந்தப் பொண்ணுக்கு மனசாரத்தான் எழுதினேன். அதையே பேரை மாத்திக் குடுத்துட்டேன். நீ பாப்பேன்னு நினைக்கல."

செழியனுக்கு. இன்னொரு தடவை.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா" என்றார். "நாலு வருஷம் முன்னாடி அந்தக் கல்யாணம் நடந்தது, போன வருஷம் கோர்ட்ல முடிஞ்சது. எதையும் ஒளிக்கல நாங்க. உங்கப்பாகிட்ட எல்லாத் தாளையும் காட்டினோம். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், சம்மதம்தான், ஆனா அதைப் பத்தி யாரும் அவகிட்ட பேச வேணாம்னு சொல்றான்னு உங்கப்பாதானே சொன்னாரு?"

"ஆமாங்கய்யா" என்றேன். ஏன் ஆமாம் என்றேன் என்று இப்போதுவரை புரியவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்க நாக்கு வரவில்லை போலிருக்கிறது. வெட்கங்கெட்ட நாக்கு.

பாய் புரூஃபுக்கு வந்தார். இன்னும் பார்க்கவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

வழுக்கைக்கு நன்றி சொன்னாராம். நினைக்க நினைக்க எரிகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பாவிடம் கேட்டேன். அடுப்படியில் அம்மா காதில் விழட்டும் என்றே கேட்டேன்.

"வெண்ணிலா யாருப்பா?"

அவர் பேப்பரை மடித்தார். நான்காக, எட்டாக, மடிக்க முடியாதவரை மடித்தார். அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால், அம்மாவுக்குத் தெரியாது என்றாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

"சொல்லிருந்தா வேணாம்னிருப்ப" என்றார் அப்பா.

"ஆமா."

"அதான் சொல்லல."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"நல்ல பையன்மா. குடி இல்ல, கெட்ட பழக்கம் இல்ல. அவங்களா கூப்பிட்டு வச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. இந்தக் காலத்துல யாரு சொல்லுவா? உனக்கு முப்பத்திரண்டு. எழிலுக்கு இருபத்தேழு. சதீஷ் வீட்டுல இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பாங்க? நீ எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிச்சிக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது?"

"அவங்க மறைக்கல. நீங்க மறைச்சீங்க."

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா என்கிட்டதானே சொல்லணும்?"

அத்தை ஓடிவந்தார். மஞ்சள் பூசின வீட்டில் இந்தப் பேச்சு என்ன என்றார். மண்டபத்துக்குக் கொடுத்தாயிற்று, சொந்தம் கிளம்பிவிட்டது, பந்தல்காரன் நாளைக்கு வருகிறான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார். எல்லாம் உண்மைதான். அவர் சொல்லச் சொல்ல வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் ஒரு அடி உள்ளே நகர்ந்தது போல் இருந்தது எனக்கு.

அம்மா கை துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலடி, இந்த மூணு மாசமா" என்றாள். மூன்று மாதமும் எனக்கு இறங்கியது. ஜாக்கெட் தைக்க அளவு கொடுத்தேன். புடவைக்கு முந்தானை இந்த நிறம் வேண்டும் என்று சண்டை போட்டேன்.

எழிலுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, "எனக்காகன்னு உன்னை எவனுக்காவது கட்டி வச்சாங்கன்னா, நான் உன் முகத்துல எப்படிக்கா முழிக்கிறது?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது எனக்கு.

அப்பா மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். பேப்பர் இல்லாமல்.

செப்டம்பர் 1, திங்கள்

பந்தல்காரர் வந்து கால் நட்டுக் கீற்று போட்டுவிட்டார். வீட்டுக்குள் பகலிலேயே விளக்கு வேண்டியிருக்கிறது.

நான் காலையில் செழியனுக்குப் போன் செய்தேன். "எனக்கு முந்தாநாள்தான் தெரியும்" என்றேன். ஒரு வாக்கியம்தான். அவர் உடனே வைத்துவிட்டார். மதியத்துக்குள் பைக்கில் வந்து நின்றார், பெரம்பலூரிலிருந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்.

அத்தை வாசலிலேயே மறித்தார். நலங்கு வைத்த பெண்ணை மாப்பிள்ளை பார்க்கக் கூடாதாம். அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் செழியன் பந்தலுக்குள் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். நான் உள்ளே, திரைக்கு இந்தப் பக்கம். சிறையில் மனு போட்டுப் பார்ப்பார்களே, அப்படி.

"சத்தியமா உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேங்க" என்றார்.

"நம்புறேன். ஆனா ஒரு தடவைகூட நீங்க நேரா கேக்கலையே?"

"உங்கப்பா பேச வேணாம்னாரு." தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் அது வசதியா இருந்துச்சு" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துத் தொலைத்தது. இந்த ஆளைப் பிடிக்காமல் இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

முதல் கல்யாணம் ஆனது ஒரு குற்றமா என்று ராத்திரி முழுக்க யோசித்திருந்தேன். இல்லை. எத்தனையோ பேர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். இவரே முதல் நாள் சொல்லியிருந்தால் நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். அதனால் கேட்டேன், மனது சரி என்று சொல்லத் தயாராக இருக்கும்போதே கேட்டேன்.

"அவங்க ஏன் போனாங்க?"

திரைக்கு அந்தப் பக்கம் அவர் தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது தெரிந்தது.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அவ பி.எட். படிச்சிருந்தா. ஸ்கூல்ல வேலை கிடைச்சுது, போறேன்னு கேட்டா. அம்மா, கொஞ்ச நாள் போகட்டும்னாங்க. மறுபடி கேட்டா. மறுபடியும் அம்மா கொஞ்ச நாள் போகட்டும்னாங்க."

"நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க நான்."

"போன்னும் சொன்னதில்ல."

"ம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ கேக்கறதையே விட்டுட்டா. சரி, மனசு மாறிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தா, பெட்டியோட நின்னா. நீங்க என்னைத் திட்டிருந்தாகூட இருந்திருப்பேன்னு சொன்னா. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. கொஞ்ச நாள் போகட்டும்னு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் வேலையை விட்டுட்டு வந்துட்டேன். அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். போங்க என்று ஒரு வார்த்தை. இல்லை, போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை. எதுவானாலும் பரவாயில்லை, அவர் வாயிலிருந்து வந்தால் போதும். பந்தல் கீற்று சரசரத்தது. தலைக்கவசம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. மறுபடி திரும்பி வந்தது.

"அம்மாகிட்ட பேசிப் பாக்கறேங்க" என்றார் கடைசியில்.

ஐந்து பாட்டிலும் நிலாதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் பெண்ணின் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

"பெரியப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க" என்றேன். "மூணாவது அடியிலேருந்து என் பேரை எடுத்துடச் சொல்லுங்க."

அவருக்குப் பாட்டு தெரியாது. ஆனால் புரிந்தது. அப்புறம் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

அப்பா பேசவில்லை. அம்மா பேச்சை நிறுத்தவில்லை. அத்தை ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "அந்த வாயை எடுத்துக்கிட்டே எங்கயாவது நல்லா இரு" என்றார். திட்டினாரா வாழ்த்தினாரா என்று புரியவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எழில்தான் எடுத்து எடுத்துச் சொல்கிறாள். இல்லைங்க சித்தி, நின்னுடுச்சு. இல்லைங்க மாமா, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல.

சதீஷ் வீட்டில் இனி பெரியவளுக்காகக் காத்திருக்க முடியாது, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். எழில் என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொன்னாள், நான் கேட்கட்டும் என்று.

பாய் வந்தார். புரூஃப் தாளைக் கொடுத்தேன். "அடிக்க வேண்டாம் பாய்." அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தப்பு நெறைய இருக்காம்மா?" என்றார். ஒன்றுதான் பாய் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

துறைத்தலைவர் மேடத்துக்குப் போன் செய்தேன். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். "நாளைக்கு வா, பிரின்சிபால்கிட்ட பேசுவோம். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "நாளைக்கு உனக்குக் கல்யாணம் இல்ல?" என்றார். பத்திரிகை அவர் மேசையில்தான் இருந்திருக்கும். இல்லை மேடம் என்றேன்.

மஞ்சளை எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். உள்ளங்கையில் மட்டும் போகவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அந்த நேரத்தில்தான் பந்தலைப் பிரித்தார்கள். கீற்று ஒவ்வொன்றாக இறங்க இறங்க, கூடத்தில் வெயில் ஒவ்வொரு சதுரமாக வந்து விழுந்தது. பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். எழில் பின் குத்திவிட்டாள். அவள் கண் வீங்கியிருந்தது. "போக்கா, பஸ் போயிடும்" என்றாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார். வாசல் நிலைக்குக் குறுக்கே, அதே இடத்தில். நான் பையோடு வந்து அவர் பின்னால் நின்றேன். திரும்பவில்லை. எழுந்திருக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவர் பின்தலையில் முடி இவ்வளவு நரைத்துவிட்டதை நான் கவனித்ததே இல்லை.

பந்தல்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "போட்ட நாலாம் நாளே பிரிக்கிறது மனசுக்குக் கஷ்டமா இருக்குங்கய்யா. என்னங்க ஆச்சு, நல்லபடியாத்தானே இருந்துச்சு?"

அப்பா கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார்.

"பாட்டுல எதுகை விழல" என்றார்.

"அப்படிங்களா" என்றார் பந்தல்காரர், யாருக்கோ பெரிய வியாதி வந்ததைக் கேட்ட மாதிரி.

எதுகை என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. எழிலிடம் கேட்டிருப்பார். இல்லை, அன்றைக்கு அறைக்குள் நான் அழுதுகொண்டே அவளுக்குச் சொன்னதை வாசலிலிருந்து கேட்டிருப்பார்.

"என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா" என்றார் மறுபடியும், கேட்காமலே. "அவ எதுலயும் தப்பு கண்டுபிடிச்சிடுவா."

இத்தனை வருடம் கேட்ட அதே வாசகம்தான். குரல் மட்டும் எனக்குப் பழக்கமில்லாத குரல்.

அப்புறம் எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சுவர் ஓரமாகப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"சாப்பாடு எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்பா."

வாசற்படியைத் தாண்டி இறங்கினேன். தெருவில் நல்ல காற்று.